"போகலாமா, டாக்டர்?": குழந்தைகளுடன் முதல் தீம் பார்க் பயணம்

ஆண்டுத் தேர்வுகள் முடியும் ஏப்ரல் மாதத்தில் எங்கள் குழந்தை நலப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்து, எழுந்து, கதவருகே சென்ற பிறகு சற்றுத் தயக்கத்துடன் கேட்கப்படும் கேள்வி அது. "லீவுல பிள்ளைங்களைத் தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் தாய். கேட்கச் சொன்னது குழந்தையாக இருக்கும். அல்லது, தம்பியின் சிகிச்சைக்காகத் தன் விடுமுறைகளை எல்லாம் மருத்துவமனை வராந்தாவில் கழித்துவிட்ட அக்காவாக இருக்கும்.

எங்கள் விடை பெரும்பாலும் "போகலாம்" என்பதுதான். ஆஸ்துமா உள்ள குழந்தையும், முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையும், மருந்தினால் வலிப்பு கட்டுப்பட்டிருக்கும் குழந்தையும், இதய அறுவை சிகிச்சை முடிந்து நன்கு தேறிய குழந்தையும் போகலாம். ஒவ்வொரு முறையும் "உனக்கு வேண்டாம்" என்று சொல்லி வளர்க்கப்படும் குழந்தை, காலப்போக்கில் தன்னை நோயாளியாக மட்டுமே எண்ணத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பாதிப்பு எந்த இரத்தப் பரிசோதனையிலும் தெரிவதில்லை.

ஆனால் இது கதவருகே நின்று கேட்க வேண்டிய கேள்வியன்று. பயணத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன்பாவது, நாற்காலியில் அமர்ந்து கேட்க வேண்டியது. தாலசீமியா உள்ள குழந்தைக்கு இரத்தம் ஏற்றிய அடுத்த வாரத்தில் பயணத்தை வைத்துக்கொண்டால் அது களைப்பின்றி ஓடியாடும். அடுத்த முறை இரத்தம் ஏற்ற வேண்டிய நாள் நெருங்கும்போது அழைத்துச் சென்றால் பாதி வழியிலேயே தோளில் சாய்ந்துவிடும். இப்படி ஒரு தேதியை மாற்றுவதால் மட்டுமே நல்ல பயணமாகிவிடுவன பல உண்டு. பயணச்சீட்டு வாங்கிய பிறகு எங்களிடம் வந்தால், தேதியை மாற்றும் வாய்ப்பு இருப்பதில்லை.

காத்திருக்க வேண்டியவர்களும் சிலர் இருக்கிறார்கள். புற்றுநோய்க்கான மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைகளுக்குக் கூட்டமும் பொது நீர்க்குளமும் ஆகா. நெஞ்செலும்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்கள், எலும்பு முழுவதும் கூடியது என்று அறுவை மருத்துவர் சொல்லும் வரை, மார்பை அழுத்தும் கம்பியோ பட்டையோ உள்ள எந்தச் சவாரியிலும் ஏறக்கூடாது. அண்மையில் வலிப்பு வந்தவர்களும், மருந்தின் அளவு மாற்றப்பட்டுக்கொண்டிருப்பவர்களும் சற்றுப் பொறுக்க வேண்டும். இவர்களுக்கு நாங்கள் சொல்வது "இப்போது வேண்டாம்" என்பதே. "எப்போதும் வேண்டாம்" என்பதன்று.

நிழலும் நீரும் கழிப்பறையும்

1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. தம் மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றும்போது தாம் மட்டும் வெளியே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததாகவும், பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றியதாகவும் வால்ட் டிஸ்னி கூறியிருக்கிறார். அந்தத் திறப்பு நாளில் வெயில் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். புதிதாகப் போட்ட தார்ச் சாலை இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் ஒருங்கே முடிக்க இயலாமல் போக, டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். விளைவாக, வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்தனர்.

உலகப் புகழ் பெற்ற பூங்காவின் முதல் நாளே இப்படி என்றால், உங்கள் குடும்பத்தின் முதல் நாளில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது விளங்கும். எந்தச் சவாரி மிக உயரமானது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிழல் எங்கே, குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே, முதலுதவி அறை எங்கே என்ற நான்கையும் நுழைவாயிலில் தரும் வரைபடத்தில் பேனாவால் வட்டமிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும், சிறுநீரை அடக்க இயலாத குழந்தைகளுக்கும் கழிப்பறை எங்கே என்பது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று; அவர்களின் மானம் பற்றிய கேள்வி.

எப்போது போவது? அக்கினி நட்சத்திரக் காலத்தில் வேண்டாம் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம். சிறு குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு அதிகம். வெளிக்காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது அவ்வளவு பரப்பின் வழியாகவும் வெப்பம் உள்ளே ஏறுகிறது. பெரியவர்களைவிடக் குறைவாகவே அது வியர்க்கிறது. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். அதிலும் கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டத்தையும் காணும் பொங்கலையும் தவிர்த்து, பள்ளியில் ஒரு நாள் விடுப்பு எடுத்து, வார நாளில் செல்வது மேல். வரிசையில் நிற்கும் நேரம் குறைந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த ஒரு நாள் விடுப்பை ஆசிரியர்கள் மன்னிப்பார்கள் என்று நம்புகிறோம்.

வெயிலில் குழந்தை சோர்ந்து, உடல் கொதித்து, பேச்சுக் குழறினாலோ, அழைத்தால் சரியாக விடை தராவிட்டாலோ அது வெப்ப வாத அதிர்ச்சியாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்கு அழையுங்கள். மயக்க நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. கிருமிக் காய்ச்சலைக் குறைக்கும் மருந்து அது, வெயில் ஏற்றிய வெப்பத்தைக் குறைக்காது.

குழந்தையின் கடிகாரம்

முதல் பயணத்தில் எங்கள் கண்ணில் படும் முதன்மையான சிக்கல் நோயினால் வருவதன்று, நுழைவுச்சீட்டினால் வருவது. நான்கு பேருக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து உள்ளே போன தந்தைக்கு, மூடும் நேரம் வரை ஒவ்வொரு சவாரியையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நான்கு வயதுக் குழந்தைக்கோ அந்தக் கணக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டரை மணிக்குப் பசிக்கும், ஒன்றரை மணிக்குத் தூக்கம் வரும் என்பதுதான். மாலை நான்கு மணிக்குத் தரையில் புரண்டு அழும் குழந்தையைப் பார்த்து "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா அழறியா?" என்று கேட்பதில் பயனில்லை. அது தூங்காததற்காக அழுகிறது.

ஆகவே நாளைக் குழந்தையின் கடிகாரப்படி அமையுங்கள். நம் ஊர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் முற்பகலில்தான் திறக்கின்றன. திறந்தவுடன் உள்ளே சென்று, கூட்டம் சேர்வதற்குள் சிறு குழந்தைகளுக்கான மெல்லிய சவாரிகளை முடித்துவிடலாம். வெயில் உச்சிக்கு ஏறும் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை உணவு, மருந்து, நிழலில் ஓய்வு. ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்து எடுத்துச் சென்றால் விரிப்பும் ஆகும், போர்வையும் ஆகும், ஈரம் துடைக்கவும் ஆகும். வெயில் தணிந்த பின் நீர் விளையாட்டு. மூடும் நேரத்து நெரிசலுக்கு அரை மணி முன்பாகவே வெளியேறிவிடுங்கள். ஐந்து சவாரிகள் போதும். அவற்றில் ஒன்றையே குழந்தை மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் அதிலேயே ஏற்றுங்கள்.

சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பூங்காக்கள் உண்டு. கோவைப் பக்கத்தவர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்துப் பிளாக் தண்டர். முதல் முறைக்கு இப்படி அன்றே வீடு திரும்பக்கூடிய இடமே நல்லது. கொச்சிக்கும் பெங்களூருக்கும் இரவு முழுதும் பயணித்து, மறுநாள் காலையே பூங்காவிற்குள் நுழையும் திட்டத்தை வலிப்பு நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் கைவிட வேண்டும். உறக்கக் குறைவும், பயணத்தில் தவறிப்போகும் ஒரு வேளை மருந்துமே வலிப்பை மீண்டும் வரவழைக்கும் பொதுவான காரணங்கள். தொலைவான ஊர் என்றால் முதல் நாள் மாலையே சென்று தங்கி உறங்குங்கள்.

வழியில் வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ள குழந்தைக்குப் புறப்படும் முன் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் கெடுதலே. முன்னோக்கி அமரச் செய்து, கைபேசியை வாங்கிவிட்டு, தொலைவில் உள்ளதைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்திக்கான மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் ஒன்றான புரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாத மருந்து, மூச்சையே மந்தப்படுத்திவிடக்கூடும்.

உயரக் கோடு

ஒவ்வொரு சவாரியின் வாயிலிலும் உயரம் அளக்கும் கோடு இருக்கும். ஊழியர் அளக்கும்போது "கொஞ்சம் குதிகாலைத் தூக்கு" என்று காதோரம் சொல்லும் பெற்றோர் நம்மில் உண்டு. வயது ஆகிவிட்டதே, அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் மடிமேல் இறங்கும் அந்தக் கம்பி, குறிப்பிட்ட உயரமுள்ள உடலை இருக்கையோடு பிடித்து வைக்கவே வடிவமைக்கப்பட்டது. அதற்குக் குறைந்த உடல் கம்பிக்கு அடியில் நழுவும். நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்ட குழந்தைகளும், சிறுநீரக நோய் உள்ள குழந்தைகளும் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பது வழக்கம்; ஒன்பது வயதில் தம்பிக்கு அனுமதி கிடைத்துப் பதினொரு வயது அண்ணனுக்குக் கிடைக்காத நிலையும் வரலாம். வாயிலில் வைத்து அந்த ஏமாற்றம் நேராமலிருக்க, வீட்டுச் சுவரிலேயே அளந்து, பூங்காவின் விதியை முன்பே கேட்டு, இருவரும் சேர்ந்து ஏறக்கூடிய சவாரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சறுக்கு மரம் பற்றி ஒரு சொல். சின்னஞ்சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது பாதுகாப்பு என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. குழந்தையின் கால் சறுக்கின் ஓரத்தில் சிக்கினால், தனியே சறுக்கும் குழந்தை பெரும்பாலும் நின்றுவிடும். பெரியவரின் மடியிலிருந்தால் அவருடைய முழு எடையும் சேர்ந்து தள்ளி, முழங்காலுக்குக் கீழ் எலும்பை முறித்துவிடும். தனியே சறுக்க இயலாத குழந்தைக்கு அந்தச் சறுக்கு ஏற்றதன்று என்று கொள்ளுங்கள்.

டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிணைப்புத் தளர்ந்திருக்கும். தலையைக் குலுக்கி உதறும் சவாரிகள் அவர்களுக்கு வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் எந்தச் சவாரியானாலும் முன்கூட்டியே தம் இதய மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

நீரில்

திரைப்படங்களில் மூழ்குபவர் கையை அசைத்துக் கூவுவார். குழந்தைகள் அப்படி மூழ்குவதில்லை. சத்தமே இல்லாமல், ஓரிரு நிமிடங்களில், முழங்கால் அளவு நீரில்கூட மூழ்கிவிடுகிறார்கள். உறவினர் எட்டுப் பேர் சேர்ந்து சென்ற குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பதே ஆபத்து. எனவே பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: "இப்போ இருபது நிமிஷம் சித்தப்பா பார்க்கணும், அப்புறம் அத்தை." பொறுப்பில் இருப்பவர் கைபேசியைத் தொடக்கூடாது, குழந்தையிலிருந்து கை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அலைக்குளத்தில் இது இன்னும் கண்டிப்பு. காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்களே. உயிர் காக்கும் கவசம் அல்ல. நீல நிற நீச்சலுடை நீரோடு கலந்து மறைந்துவிடும். ஆரஞ்சு, சிவப்பு போன்ற நிறங்களை வாங்குங்கள்.

வலிப்பு உள்ள குழந்தைக்கு நீரில் எப்போதும் தனியே ஒரு பெரியவர், அவருக்கு வேறு வேலை இல்லாமல், உடன் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்புக்கு நாங்கள் தந்திருக்கும் மிடாசோலம் மூக்குத் தெளிப்பு, பொருள் வைக்கும் பெட்டகத்தில் பூட்டப்படாமல், அவர் இருக்கும் கரையில் இருக்க வேண்டும். கையிலோ மார்பிலோ மருந்து செலுத்தும் குழாய் வெளியே தெரியும்படி இருக்கும் குழந்தைகள் நீரில் இறங்கவே கூடாது. அரிவாள் அணுச் சோகை உள்ள குழந்தைகளுக்குக் குளிர்ந்த நீரில் திடீரென நனைவது கடும் வலியைத் தூண்டலாம். நீலகிரிப் பகுதியிலிருந்து எங்களிடம் வரும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்க.

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காதிருப்பது பிற குழந்தைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. குளோரின் கலந்த நீரில் எல்லாக் கிருமிகளும் இறந்துவிடுகின்றன என்று எண்ண வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிரி, சரியான அளவு குளோரின் உள்ள நீரிலும் ஒரு வாரத்திற்கு மேல் உயிர் வாழும். இக்கிருமியால் பாதிக்கப்பட்ட குழந்தை, வயிற்றுப்போக்கு நின்று இரண்டு வாரம் கழித்தே பொதுக் குளத்தில் இறங்கலாம். நீரை விழுங்கக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். பாதியாவது கேட்பார்கள்.

பையில் என்ன

மருந்துகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பெரியவர்களின் பைகளில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் ஒரு வேளை தப்பும். ஆஸ்துமா இன்ஹேலருடன் ஸ்பேசரையும் மறக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டருக்கு உரியதை அரை லிட்டர் பாட்டிலில் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்காகும். பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளுக்கு உட்படாத பானங்கள் தம் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதும் அதனால்தான்.

வெளி உணவுக்குப் பல பூங்காக்களில் அனுமதியில்லை. நீரிழிவோ, ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு எந்த உணவு ஏன் தேவை என்று ஒரு கடிதம் கேளுங்கள், நாங்கள் தருவோம். அதே கடிதத்தில் நோயின் பெயர், மருந்துகள், அவசரத்தில் செய்ய வேண்டியது, எங்கள் தொலைபேசி எண் ஆகியவையும் இருக்கும். அதை வாயிலிலேயே காட்டுங்கள். ஊழியரிடம் நோயை மறைத்துச் சவாரியில் ஏற்றுவது, அவர் உதவக்கூடிய நேரத்தில் அவர் கையைக் கட்டிவிடுவதாகும்.

கூட்டத்தில் குழந்தை பிரிந்துவிட்டால்? காலையில் புறப்படும்போதே அன்றைய உடையுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையின் உட்புறம் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையால் எழுதி, நோயின் பெயரையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள். "தொலைஞ்சு போனா அங்கேயே நில்லு, சீருடை போட்டவங்ககிட்ட மட்டும் பேசு" என்று முதல் நாள் இரவே சொல்லிக் கொடுங்கள். சிறுவர் உதவி எண் 1098.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; கேள்விகள் மிகுதியும் அவர்களிடமிருந்தே வருகின்றன. இன்சுலினை 30 டிகிரிக்கு மேல் விடக்கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் வைக்கக்கூடாது. பனிக்கட்டியின் மேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். துணியில் சுற்றிக் குளிர்ப்பையில் வையுங்கள். உடல் சூடேறும்போது இன்சுலின் விரைந்து உறிஞ்சப்படும். ஓட்டமும் சேர்ந்தால் சர்க்கரை வேகமாக இறங்கும். எனவே இரண்டு மணிக்கு ஒரு முறையும், நீரில் இறங்கும் முன்பும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பயங்கரச் சவாரிக்குப் பின் சர்க்கரை ஏறியிருந்தால் அது பரபரப்பினாலும் இருக்கலாம். பதறிப்போய்க் கூடுதல் ஊசி போடாமல் சிறிது நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். 70க்குக் கீழ் இறங்கினால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒன்றரைத் தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

உடன்பிறந்தவர்களையும் மறக்க வேண்டாம். அன்று ஒரு மணி நேரமாவது அப்பாவோ அம்மாவோ அக்காவை மட்டும் அழைத்துக்கொண்டு, அவள் விரும்பும் பெரிய சவாரிக்குச் செல்லுங்கள். தம்பி அப்போது பாட்டியோடு நிழலில் ஐஸ்கிரீம் சாப்பிடட்டும் (நீரிழிவு உள்ளவனும் சாப்பிடலாம், இன்சுலின் கணக்கோடு). அவனால் முடியாததற்கெல்லாம் அவளும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்காமலே விட்டுக்கொடுத்துப் பழகிவிட்ட பிள்ளைகளை எங்கள் வராந்தாவில் நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம்.

வீடு திரும்பிய இரவு பற்றி ஒரு குறிப்பு. நாள் முழுதும் ஓடிய தசைகள் இரவிலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே நீரிழிவு உள்ள குழந்தைக்குப் படுக்கும் முன் ஒரு முறையும், நள்ளிரவு இரண்டு மணியளவில் ஒரு முறையும் சர்க்கரை பாருங்கள். இரவு இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைப் பயணத்திற்கு முன்பே எங்களிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள். மற்ற குழந்தைகளுக்கு இரவு மருந்தைக் கொடுத்து, காதைத் துடைத்து, உறங்க விடுங்கள். காரிலேயே உறங்கிவிட்ட குழந்தையை எழுப்ப மனம் வராது என்பது எங்களுக்கும் தெரியும். வலிப்பு மருந்துக்காக மட்டும் எழுப்புங்கள்.